இடது கன்னத்துக்கு 22 மில்லிலீற்றர்: ஒரு நிகழ்வு ஆய்வு

முகவாதம் என்று எழுதிய துண்டோடுதான் அவரை அனுப்பியிருந்தார்கள். வயது 24. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய தேயிலைத் தோட்டம். நான் அப்போது வேலை செய்த நகர வைத்தியசாலையின் கிளினிக்குக்கு வருவதற்காக, தாயும் மகளும் விடியற்காலை நாலரைக்கே லயத்தை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கைவைக்கவில்லை.)

கண்ணை இறுக மூடச் சொன்னேன், மூடினார். கன்னத்தை ஊதச் சொன்னேன், ஊதினார். பல்லைக் காட்டச் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார். வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரிந்தது. முகவாதத்தில் இது நடக்காது. நரம்பு வேலை செய்தது, தசையும் அசைந்தது. தோலுக்கு அடியில் இருக்க வேண்டிய கொழுப்பைத்தான் காணவில்லை. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை இடது கன்னம் உள்ளே போயிருந்தது. நெற்றியில், நடுவிலிருந்து சற்று இடப்புறமாக, விரல்நுனி பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் மேலேறி, முடிக்குள் புகுந்து, அங்கே மெல்லிய வழுக்கைக் கீற்றாக முடிந்தது. நாக்கை நீட்டச் சொன்னபோது அதன் இடது பாதியும் கொஞ்சம் மெலிந்திருந்தது. கிளினிக்கில் நாற்காலிகள் பல காலியாகக் கிடந்தும், இடது பக்கம் சுவர் வருகிற இடமாகப் பார்த்து அவர் உட்கார்ந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

பாரி–ரோம்பர்க் நோய். 1825இல் காலெப் பாரி என்ற ஆங்கிலேய வைத்தியரின் குறிப்புகளிலும், 1846இல் மொரிட்ஸ் ரோம்பர்க் என்ற ஜெர்மானியரின் எழுத்திலும் விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர். முகத்தின் ஒரு பாதியில் கொழுப்பும் தோலும், சிலருக்குத் தசையும் எலும்பும்கூட, வருடக்கணக்கில் மெதுவாக வற்றிப்போகும். பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கும், பெண்களுக்கே அதிகம். நெற்றிப் பள்ளத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வாள்வெட்டு என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தாயிடம் வேறு விளக்கம் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் மகள் கொழுந்துக்குப் போனாளாம். கூடைக் கயிறு தலையில் அழுத்தியதால் வந்த தடமாம். கயிறு தலையின் குறுக்கே அல்லவா போகும், இது நெடுக்காக ஏறுகிறதே என்றேன். ஒரு கணம் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. படித்தவர்களோடு இதைவிட நீண்ட வாக்குவாதம் நடத்தியிருக்கிறேன்.

இந்த நோயில் முதலில் தெரிய வேண்டியது, அது இன்னும் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது. பள்ளத்தை நிரப்ப, உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து வைப்பதுண்டு. நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது வைத்தால், வைத்ததையும் சேர்த்து அது தின்றுவிடக்கூடும். அதனால் ஒன்றிரண்டு வருடம் மாற்றமில்லாமல் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே பலரும் கைவைக்கிறார்கள். அதை உறுதிசெய்யப் பழைய மருத்துவப் பதிவு எதுவும் இவரிடம் இல்லை. படங்கள் இருந்தன. அடுத்த முறை வரும்போது தாய் சடங்கு ஆல்பத்தையே பையில் போட்டுக் கொண்டுவந்தார். 12 வயதில், பட்டுப்பாவாடையும் காகிதப்பூ மாலையுமாக, இரண்டு கன்னமும் நிறைந்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சைக்கு எடுத்த படத்தில் இடது கன்னத்தில் ஒரு நிழல். 21ஆம் வயதில் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த கைத்தொலைபேசிப் படத்தில் இன்றைய முகம், அப்படியே. மூன்று வருடம் நோய் அசையவில்லை. நான் பார்த்த நோய்வரலாறுகளில் இவ்வளவு தெளிவானவை குறைவு.

தலைவலி அவ்வப்போது வருவதாகச் சொன்னார். இந்த நோயுள்ள சிலருக்கு மூளையிலும் மாற்றங்கள் இருக்கும், வலிப்பு வரும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒன்றுமில்லை. கண் பிரிவும் பார்த்து அனுப்பியது.

இடைப்பட்ட காலத்தில் என்னென்ன நடந்திருந்தன? முகவாதத்துக்கென்று எண்ணெய். தாயத்து. 15 வயதில், பல்லால்தான் கன்னம் ஒட்டுகிறது என்று யாரோ சொல்லி, நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். கடைசியாக நகரத்து அழகுநிலையம் ஒன்று. "ஒரே ஊசி, வாழ்நாள் முழுக்க நிற்கும்" என்று சொல்லி, பெயர் ஒட்டாத ஒரு குப்பியைக் காட்டியிருக்கிறார்கள். கேட்ட காசு தாயின் சில மாதச் சம்பளம். காசு இல்லாததால் தப்பினார். ஹையலூரோனிக் அமில ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்) என்றால் மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருடத்தில் குறைந்துவிடும். தவறான இடத்தில் போனால் அதைக் கரைக்க நொதி ஊசியும் உண்டு. வாழ்நாள் முழுக்க நிற்கும் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுவது நல்லது. திரவச் சிலிக்கோன் ஊசி போட்டு, வருடங்கள் கழித்து அது கட்டி கட்டியாகத் திரண்டால், முகத்தை வெட்டித்தான் அதை எடுக்க வேண்டும். முழுவதும் எடுக்கவும் முடியாது. தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2006ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் இருக்கிறது. ஊசி போடுபவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது. அழகுநிலைய நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யார் கேட்கிறார்கள்?

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் முன்வைத்தது, அவருடைய உடம்பிலேயே கொழுப்பை எடுத்து முகத்தில் வைப்பது. யோசனை பழையது. 1893இல் குஸ்தாவ் நொய்பர் என்ற ஜெர்மானியர், எலும்பு நோயால் முகத்தில் உள்ளிழுத்த தழும்புக்குக் கையிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்தார். பெரிய துண்டுகள் நிலைக்கவில்லை, அவரைக்கொட்டை அளவைத் தாண்டக்கூடாது என்று அப்போதே எழுதினார். பிறகு வந்தவர்கள் பெரிய அளவில் வைத்துப் பார்த்து, அது கரைந்துபோவதைக் கண்டு கைவிட்டார்கள். 1970களின் கடைசியில் பிரான்சின் இல்லூஸ் என்ற வைத்தியர், மழுங்கிய முனைக் குழாயால் கொழுப்பை உறிஞ்சும் முறையைப் பரப்பினார். 1990களில் நியூயோர்க்கின் சிட்னி கோல்மன், உறிஞ்சியதைச் சிறு சிறு அளவாக வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்.

சிக்கல், இவருடைய எடை 43 கிலோ. கொழுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அடிவயிற்றைக் கிள்ளினால் தோல்தான் வந்தது. உள்தொடையிலும் முழங்காலின் உட்புறத்திலும் கொஞ்சம் இருந்தது. நகரத்துக் கிளினிக்குகளில் கொழுப்பைக் குறைக்க வருபவர்களிடம் கேட்காமலே கிடைப்பதை, இவரிடம் கெஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

சம்மதம் வாங்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நான் சறுக்கினேன். படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நிபுணர் நல்லவர், நிதானமாகவே விளக்கினார். தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. வைக்கும் கொழுப்பில் ஒரு பங்கு உடம்பால் உறிஞ்சப்படும், பாதியிலிருந்து முக்கால் வரை நிற்கலாம், இரண்டாம் முறையும் தேவைப்படும் என்றார். நான் "ஒரு பங்கு கரைந்துவிடும்" என்றேன். தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கரைகிறதை எதற்கு டொக்டர் வைக்கிறீர்கள்? கரைந்து எங்கே போகும், நெஞ்சுக்கா?"

அந்தத் தாய் தோட்டத்துத் தவறணையில் வேலை செய்பவர், தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். ஆனால் மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழைத் தவிர வேறு எதுவும் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. நல்லவேளை, அவரே கேட்டார்: "தண்டு வெட்டி நடுகிற மாதிரியா?"

அதே மாதிரிதான். ஓர் இலையோடு நறுக்கிய தண்டைப் பையில் நடுகிறார்கள். வேர் இல்லை. பொலித்தீன் கூடாரத்துக்குள் இருக்கும் ஈரத்தில்தான் அது முதல் சில வாரம் உயிர் பிழைக்கிறது. அப்போது ஆட்டிப் பார்க்கக் கூடாது. எடுத்த கொழுப்புக்கும் இரத்தக்குழாய் அறுந்துபோயிருக்கும். முதல் ஓரிரு நாள் சுற்றியுள்ள திசுவின் நீரில் ஊறிக்கொண்டுதான் உயிரோடு இருக்கும்; அதற்குள் புதிய இரத்தக்குழாய்கள் உள்ளே வரத் தொடங்க வேண்டும். வைத்த துளியின் ஓரத்துக்குத்தான் பிராணவாயு எட்டும். ஜப்பானில் கொட்டாரோ யோஷிமுராவின் குழு காட்டியதும் இதுவே: துளியின் வெளிவளையம், ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தடிப்பு, நேரடியாகப் பிழைக்கிறது. அதற்கு உள்ளே உள்ள வளையத்தில் முதிர்ந்த கொழுப்புக் கலங்கள் செத்து, கூடவே இருந்த மூலக்கலங்கள் புதியவற்றை உருவாக்குகின்றன. நடுப்பகுதி செத்தே போகிறது. எனவே பெரிய உருண்டையாக வைத்தால் நடு பெரிதாகும், சாவும் அதிகமாகும். "நூறு நட்டால் நூறும் வருவதில்லை. செத்த இடத்துக்கு மறுபடி கன்று வைக்கிறீர்கள் இல்லையா, அதுதான் இரண்டாம் முறை" என்றேன். தாய் மகளைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அன்று முழுக்க என்னைப் பற்றியே பெருமை.

சத்திரசிகிச்சை பற்றி. உட்காரவைத்தே முகத்தில் குறியிட்டோம். படுத்தால் கன்னம் காது பக்கம் சரிந்து பள்ளத்தின் வடிவம் மாறிவிடும். முழு மயக்கத்தில், இரண்டு உள்தொடைகளிலும் இடத்தை மரக்கச்செய்யும் விறைப்பு மருந்தும், 10 இலட்சத்துக்கு 1 என்ற செறிவில் அட்ரினலினும் கலந்த திரவத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். அட்ரினலின் இரத்தக்குழாயைச் சுருக்க நேரம் கொடுக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடப் பொறுமை இல்லாதவர் எடுக்கும் கொழுப்பு சிவப்பாக வரும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மழுங்கிய குழாயை 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் மாட்டி, உலக்கையை ஒன்றிரண்டு மில்லிலீற்றர் மட்டும் பின்னிழுத்துப் பிடித்துக்கொண்டு, கையாலேயே எடுத்தார் நிபுணர். இயந்திரத்தால் பலமாக இழுத்தால் கொழுப்புக் கலங்கள் வெடித்துவிடக்கூடும். 60 மில்லிலீற்றர் எடுக்க நாற்பது நிமிடம் ஆனது.

சிரிஞ்சுகளை மூடி, நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே எண்ணெய், நடுவே மஞ்சள் கொழுப்பு, அடியில் இரத்தமும் நீரும். எண்ணெயை வடித்து, அடிநீரை வெளியேற்றியபோது நடுவடுக்கு 28 மில்லிலீற்றர் தேறியது. அதை 1 மில்லிலீற்றர் சிரிஞ்சுகளில் நிரப்பினோம்.

வைப்பதுதான் கைவினை. வாயோரம், காதுமுன், முடிக்கோடு ஆகிய இடங்களில் ஊசியால் துளையிட்டு, மழுங்கிய மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது மட்டும் அழுத்த வேண்டும். ஓர் இழுப்புக்கு 0.1 மில்லிலீற்றருக்கும் குறைவு. ஒரு சிரிஞ்சு தீரப் பத்துப் பதினைந்து இழுப்பு. எலும்புக்கு மேல் ஓர் அடுக்கு, நடுவில் ஓர் அடுக்கு, தோலுக்குக் கீழ் ஓர் அடுக்கு, விசிறி போலக் குறுக்கும் நெடுக்குமாக. கன்னத்துக்கு 14, கண்ணுக்குப் பக்கவாட்டிலுள்ள பொட்டுக்கு 3, தாடைக்கு 3, நெற்றிக்கு 2: ஆக மொத்தம் 22 மில்லிலீற்றர்.

அந்த 2 மில்லிலீற்றருக்குத்தான் அறை அமைதியானது. புருவ நடுவிலும் நெற்றியிலும் ஓடும் சிறு நாடிகள் (தமனிகள்) கண்ணுக்குப் போகும் நாடியோடு சேர்ந்தவை. கூர் ஊசியோ அதிக அழுத்தமோ ஒரு துளிக் கொழுப்பை நாடிக்குள் தள்ளினால், அது எதிர்த்திசையில் ஏறி விழித்திரையின் நாடியை அடைத்துவிடும். இன்னும் மேலே போனால் மூளை. அப்படிப் பார்வை இழந்தவர்கள் உலக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பவில்லை. மழுங்கிய குழாய், சிறு சிரிஞ்சு, முன்கூட்டியே முகத்திலும் போட்டு நாடியைச் சுருக்கும் அட்ரினலின், எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும் கை எல்லாம் இதற்காகத்தான். பெயர் ஒட்டாத குப்பியும் கூர் ஊசியும் வைத்திருந்த அழகுநிலையத்தை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஆறாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

கன்னம் வீங்கியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பளபளவென்று எண்ணெய் வழிந்தது. தாடை ஓரம் மட்டும் உப்பி, கன்னத்தின் மேல்பாகம் தட்டையாக இருந்தது. விசாரித்தால், அம்மாயி, அதாவது தாயின் அம்மா, நல்லெண்ணெயைச் சுடவைத்துக் காலையும் மாலையும் கன்னத்தை உருவிவிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கன்று மாதிரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். உரம் போடாமல் எப்படி விடுவது என்று அம்மா கேட்டார்."

தடவக் கூடாது, அழுத்தக் கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது என்பதெல்லாம் வீட்டுக்குக் கொடுத்த தாளில் இருந்தது. அந்தத் தாள் சிங்களத்தில் இருந்தது. லயத்தில் அதை வாசிக்கக்கூடியவர் மேட்டு லயத்துக் கடைக்காரர் ஒருவர். அவரும் அந்த வாரம் ஊரில் இல்லை. ஆட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னது தவறணைக் கதையோடு போய்விட்டது. உரம் மட்டும் அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். உவமை சொன்னவன் அது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை. தொற்று இல்லாமல் போனது அதிர்ஷ்டம். ஆறாவது வாரம் வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம், தாடையில் பட்டாணி அளவில் ஓர் உருண்டை கையில் பட்டது. ஸ்கேனில் எண்ணெய்க் கட்டி என்று தெரிந்தது. செத்த கொழுப்பு போகிற வழியில்லாமல் தங்கினால் இப்படித்தான் தேங்கும். தவறணையில் செத்த தண்டைப் பிடுங்கி எறிந்துவிடலாம், முகத்தில் அது முடியாது. ஊசியால் அரை மில்லிலீற்றர் எண்ணெயை இழுத்தெடுத்தோம்.

நான்காம் மாதப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்த்தபோது, மேல்கன்னத்தில் பாதிகூட நிற்கவில்லை. பழியை எண்ணெய் மேலேயே போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் எடை பார்க்கும் தராசு வேறு ஒன்றைச் சொன்னது: 39 கிலோ. இரண்டாம் மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, விடுதியில் தங்கி, இரவுச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்திருக்கிறார். இடம் மாறிய கொழுப்பு எடுத்த இடத்தின் சுபாவத்தை மறப்பதில்லை. தொடை மெலிந்தால் கன்னமும் மெலியும். சாப்பிடுங்கள் என்று சத்திரசிகிச்சைப் பிரிவில் அறிவுரை சொன்னது எனக்கு அதுவே முதல்முறை.

அந்தச் சந்திப்புக்குக் கூட வந்திருந்தவர் ஒரு மாமன் மகள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, இதே கொழுப்பைப் பின்பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கலாமாமே என்று கேட்டார். கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் காசு சேர்த்தே வைத்திருந்தார். முகத்துக்கு 22 மில்லிலீற்றர், அங்கே பல நூறு மில்லிலீற்றர், சிலருக்கு ஒரு லீற்றருக்கு மேல். பிட்டத் தசைக்குள்ளும் அதன் அடியிலும் தடித்த நாளங்கள் (சிரைகள்) ஓடுகின்றன. குழாய் அவற்றைக் கிழித்துவிட்டால் கொழுப்பு நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும். மேசையிலேயே உயிர் போகும். 2017இல் வெளியான பன்னாட்டுச் சத்திரசிகிச்சையாளர் கணக்கெடுப்பு ஒன்று, 3000 பேருக்கு ஒருவர் இறப்பதாக மதிப்பிட்டது. அப்போது அழகுச் சத்திரசிகிச்சைகளில் அவ்வளவு மோசமான கணக்கு வேறு இருக்கவில்லை. அடுத்த வருடம் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் ஒன்றுகூடி, தசைக்குள் வைக்கவே கூடாது, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடு நிறுத்த வேண்டும் என்று எச்சரித்தன. அதன்பிறகு சாவு குறைந்ததாகக் கணக்குகள் காட்டின. மார்புக்கு வைப்பதில் அந்த அளவு சாவுப் பயம் இல்லை. ஆனால் செத்த கொழுப்பு சுண்ணாம்பு படிந்து, புற்றுநோயைத் தேடி எடுக்கும் மார்புப் படத்தைக் குழப்பும் என்று 1987இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைச் சங்கம் அதை எதிர்த்து, 2009இல்தான் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மூவாயிரத்தில் ஒருத்தி என்றால் எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்தாலும் அவ்வளவு வரமாட்டோமே" என்றார். காசை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் முறை, பத்தாவது மாதம். எடை 45. இந்த முறை முழங்கால் உட்புறத்திலிருந்தும் எடுத்து, மேல்கன்னத்துக்கும் நெற்றிக்குமாக 12 மில்லிலீற்றர் வைத்தோம். தாளைத் தமிழில் நானே கையால் எழுதினேன், பெரிய எழுத்தில். அம்மாயியைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன். எண்ணெய் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒரு வருடம் கழித்த நிலை: கன்னத்தின் பள்ளம் பெருமளவு நிரம்பியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நெற்றிக் கோடு மங்கியிருக்கிறது, போகவில்லை; அங்கே தோல் எலும்போடு ஒட்டியிருக்கிறது, வழுக்கைக் கீற்றும் அப்படியே. ஒட்டிக்கிடந்த கன்னத்துத் தோல் இப்போது கிள்ளினால் வருகிறது. கருமையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொழுப்போடு போகும் மூலக்கலங்களால்தான் தோல் இளகுகிறது என்று பலர் சொல்கிறார்கள். தோல் இளகியதை நான் விரலால் உணர்ந்தேன். மூலக்கலம்தான் காரணம் என்று இந்த ஒரு முகத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடைசிச் சந்திப்பில் அவர் வாசலுக்கு நேரெதிர் நாற்காலியில், இரு பக்கமும் ஆட்கள் இருக்க, உட்கார்ந்திருந்தார். கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். பிள்ளை உண்டாகி எடை கூடினால் இடது கன்னம் மட்டும் உப்பிவிடுமா என்று கேட்டார். எடை அதிகம் ஏறினால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடலாம், பிள்ளை பிறந்து எடை இறங்கும்போது அதுவும் இறங்கும், அதுவரை அதில் யாரும் கைவைக்க வேண்டாம் என்றேன். கோப்பில் ஆங்கிலத்தில் குறித்துவிட்டு, அவருடைய புத்தகத்தில் அதையே தமிழில் எழுதினேன். தாய் அதை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒருமுறை முழுவதும் வாசித்த பிறகுதான் பைக்குள் வைத்தார்.